எட்டுச் செலவில் யாரும் சொல்லாத சோறு

பிறர் குசினிக்குள் மூக்கை நுழைப்பதற்கு எனக்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது. ஜெர்மனியின் மேற்கே, இரும்பாலைகள் மூடி வெகுகாலமான ஒரு நகரத்தின் உணவுப் பரிசோதகர் நான். உணவகம், வெதுப்பகம், இறைச்சிக் கடை, பள்ளிக்கூடச் சாப்பாட்டறை என்று எங்கேயும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பேன். குளிர்ப்பெட்டியைத் திறப்பேன், சட்டிக்குள் வெப்பமானியைக் குத்துவேன், அடுப்புக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்ப்பேன். இதற்கு முன் பல வருடம் வெதுப்பகத்தில் நின்று மைஸ்டர் என்ற தலைமைத் தொழிலாளர் பரீட்சை எடுத்தவள் என்பதால், மா மூட்டைக்குள் என்ன ஊரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம்மவர்கள் இந்த உத்தியோகத்துக்கு வைத்திருக்கும் பெயர் பி.எச்.ஐ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர். யாழ்ப்பாணத்தில் கிணற்றுக்கு மருந்து போடவும் தேத்தண்ணிக் கடையை மிரட்டவும் வரும் அதே பி.எச்.ஐ.தான், கடல் கடந்து வந்து என் தலையில் ஏறியிருக்கிறது. கலியாண மண்டபத்தில் என்னைக் கண்டால் முன்வரிசையில் இருத்தி, குளிர்பானம் தந்து, குசினிக் கதவைச் சாத்திவிடுவார்கள். என்னை வீட்டுக்குக் கூப்பிடுபவர்கள் குறைவு. கூப்பிட்டாலும் எல்லாம் மேசைக்கு வந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை, நான் அதிகம் பேசுகிற ஆளும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் மியூனிக்கிலிருந்து ஒருவர் தொலைபேசியில் வந்தார். ஜெர்மன் மொழியில் மிகச் சுத்தமாகத் தொடங்கியவர், என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். சனிக்கிழமை தன் அப்பாவின் எட்டுச் செலவு நடந்ததாகவும், சாப்பிட்டவர்கள் இரவெல்லாம் வாந்தி எடுத்ததாகவும், தானும் திரும்பிப் போகும் ரயிலில் கழிவறையை விட்டு வெளியே வரவில்லை என்றும் சொன்னார். அப்பாவின் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். சாப்பாடு கொடுத்தது எங்கள் நகரத்துத் தமிழ்க் கடை. அந்தக் கடையை இழுத்து மூட வேண்டும், யார் பிழை விட்டார்கள் என்று தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். நான் விபரங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்தும் தகவல் வந்தது.

எட்டுச் செலவு என்பது செத்தவீடு முடிந்து எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து அவர் படத்துக்கு முன் படைத்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது. ஜெர்மனியில் எட்டாம் நாள் எப்போதும் சனிக்கிழமைதான் வரும். மண்டபம் கிடைப்பது அன்றைக்குத்தான், பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதும் அன்றைக்குத்தான். போனவர்கள் யாரும் இதுவரை முறைப்பாடு செய்யவில்லை.

கடைக்காரரை எனக்குப் பிடிக்காது, அதை ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. முன்னுக்குப் பலசரக்கு, பின்னுக்குக் குசினி. அந்தக் குசினியில் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அண்டா அண்டாவாகச் சமைத்துக் கொடுப்பவர். உறைந்த மீனைத் தொட்டிக்குள் போட்டுச் சுடுதண்ணீரில் இளக வைத்ததற்காக ஒருமுறை அவருக்கு எச்சரிக்கை எழுதியிருந்தேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால், சொந்தச் சனத்தின் வயிற்றில் அடிப்பதற்கென்றே படித்து வந்தவள் என்று, எனக்குக் கேட்கிற மாதிரி யாருக்கோ சொல்வார். நான் கேட்காத மாதிரி நிலத்து ஓடுகளைப் பார்ப்பேன்.

அன்று மத்தியானமே போனோம். நாங்கள் என்றால் நானும் என் சக ஊழியரும். அவர் ஒரு ஜெர்மன்காரர், ஓய்வுக்கு அதிக காலம் இல்லாதவர், காய்ந்த ரொட்டி மாதிரிப் பேசுபவர். நடைமுறை எளியது. மாதிரிகளை எடுத்துக்கொள்வோம், சந்தேகம் தீரும் வரை குசினி பூட்டு. கதவில் முத்திரை ஒட்டும்போது கடைக்காரர் சத்தம் போடவில்லை. அடுத்த கிழமை ஒரு கலியாணம் இருக்கிறது, அதற்கடுத்து இரண்டு சாமத்தியவீடு, இப்போதே ஆட்கள் தொலைபேசியில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்று மெல்லிய குரலில் சொன்னார். கடையை வைத்துத்தான் வீடு, வீட்டை வைத்துத்தான் கடன். அவர் மனைவி கழுவித் துடைத்த அண்டாக்களைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு சமையல்காரர்மேல் சாப்பாடு பழுது என்ற பேச்சு விழுந்தால், பூட்டைத் திறந்த பிறகும் அது போகாது. எங்கள் சனத்துக்கு மறதி குறைவு. அவர் வாய்க்குப் பயந்தல்ல, ஆனால் அவர் பிழை விடவில்லை என்றால் அதை விரைவாகக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது.

மண்டபத்துக்கு வந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். இதற்கென்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. என்ன சாப்பிட்டீர்கள், எப்போது, பிறகு என்ன நடந்தது. எங்கள் ஆட்களிடம் இதைக் கேட்பது போலப் பொறுமையைச் சோதிக்கும் வேலை வேறில்லை. முதல் நாள் முழுக்க, கேட்டால், யாருக்குமே வயிற்று வருத்தம் வரவில்லை. ஒருவருக்கு அது பயணக் களைப்பு. இன்னொருவருக்கு ஏற்கனவே வயிறு சரியில்லை. ஒரு அக்கா, தான் வாந்தி எடுத்ததை மனிசன் கேட்காத தூரத்துக்குப் போய் நின்று சொன்னார். செத்தவீட்டுச் சோறு பழுது என்று சொல்வது போனவரைக் குறை சொல்வதாகும். அந்தப் பழி யாருக்கும் வேண்டாம். இதை என் சக ஊழியருக்கு விளக்கியபோது, அவருடைய மாமியார் வீட்டிலும் இதே சட்டம்தான், ஆனால் அங்கே ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்றார்.

மெல்ல மெல்ல ஒரு படம் தெரிந்தது. நோயில் விழுந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் இரத்த உறவு. போனவரின் மகன், மகள், தம்பி, தம்பியின் பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் கிடக்கும் அக்கா. ஆனால் அதே மண்டபத்தில் அதே மேசையிலிருந்து அதே சோற்றையும் கறியையும் சாப்பிட்ட மற்றவர்கள் எல்லாரும் நலம். போனவர் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கிருந்து வந்த ஜெர்மன் நண்பர்கள் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டு, மிச்சத்தைப் பொதி கட்டிக்கொண்டு வீட்டுக்கும் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட ஏப்பத்துக்கு மேல் எதுவும் வரவில்லை.

என் சக ஊழியர் தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, இது பரம்பரை வியாதியா என்று கேட்டார். அவர் பகிடி விட்டாரா இல்லையா என்று முகத்தை வைத்து ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உறவுக்காரர் மட்டும் சாப்பிட்ட ஏதோ ஒன்று இருக்க வேண்டும். தாளிலோ எல்லாரும் ஒரே சாப்பாட்டைத்தான் சொல்லியிருந்தார்கள். சோறு, ஆட்டிறைச்சி, பருப்பு, கத்தரிக்காய், பொரியல், அப்பளம், சொதி. வேறு ஒன்றுமில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார்கள், பொய்யும் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போனவரின் அக்காவுக்குக் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. வயது போனவர், நீர் வற்றிப்போனதால் இரண்டு நாள் சிறுநீரகத்தைப் பற்றி மருத்துவர்கள் பயந்திருந்தார்கள். இப்போது தெளிந்துவிட்டார். தலையணையில் சாய்ந்தபடி, ஆஸ்பத்திரிச் சூப்பில் உப்பில்லை என்று என்னிடம் முறைப்பாடு சொன்னார். இதுவும் உன்ரை வேலைதானே, இதையும் எழுது என்றார். நான் தாளை மடித்து வைத்துவிட்டு, அன்றைக்கு மண்டபத்தில் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சாப்பாட்டைக் கேட்கவில்லை, நடந்ததைக் கேட்டேன்.

படம் வைத்தது, விளக்கு ஏற்றியது, வாழையிலை போட்டது, தேவாரம் படித்தது, சாம்பிராணி காட்டியது என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு படையலை எடுத்துக் குழைத்துச் சகோதரங்களுக்கும் பிள்ளைகளுக்கும் கையில் கொடுத்தார்கள் என்றார். அதன் பிறகுதான் பந்தி.

நான் அந்த இடத்தில் நிறுத்தினேன். இதை ஏன் முன்பு இங்கே வந்து கேட்ட என் சக ஊழியரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவர் சாப்பாட்டை எல்லோ கேட்டவர்," என்றார். "அது தம்பிக்குப் படைச்சது. அதைப்போய் ஆரும் சாப்பாடெண்டு சொல்லுவினமோ?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. படையலில் வைத்த சோற்றையும் கறிகளையும் ஒன்றாகப் பிசைந்து உருட்டிக் கையில் தருவதற்குக் குழையல் என்று பெயர். எனக்கும் அது சாப்பாடாகத் தோன்றியதில்லை. கோயிலில் திருநீறு வாங்குகிற மாதிரி, உள்ளங்கையில் வாங்கி வாயில் போடுவது. திருநீற்றை யாரும் கேள்வித்தாளில் எழுதுவதில்லை. விழுந்தவர்கள் எல்லாரும் குழையல் வாங்கியவர்கள். வாங்காத ஒருவரும் விழவில்லை.

அன்று மாலையே போனவரின் மனைவி வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடியில் சிறிய வீடு. வரவேற்பறையில் படம், பிளாஸ்டிக் மாலை, மின்சார விளக்கு. அறுபத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. என்னைக் கண்டதும் வழக்கமாக நம்மவர்கள் செய்வது போல ஒன்றையும் ஒளிக்கவில்லை. நேராகக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதிரை தந்தார். கடைக்காரர் பாவம், அவர் நல்ல மனிசன், மகன் கோபக்காரன், சொன்னால் கேட்கமாட்டான் என்று தானாகவே தொடங்கினார்.

படையலுக்கு யார் சமைத்தது என்று கேட்டேன். தான்தான் என்றார். பந்திக்குத்தான் கடைச் சாப்பாடு. படையலுக்குக் கடைச் சாப்பாட்டை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. நாற்பது வருடமாக அவர் கையால் சாப்பிட்ட மனிசன். விடிய எழும்பிச் சோறு, முட்டைக் கறி, கணவாய்க் கறி, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் சமைத்து, சூடு ஆறாமல் துவாயால் சுற்றிக் காரில் மண்டபத்துக்குக் கொண்டுபோயிருந்தார். படத்துக்கு முன்னால் வாழையிலையில் எல்லாம் வைத்தாயிற்று. படம் இருந்தது சுவரோரம், சூடாக்கிக்குப் பக்கத்தில்.

வைத்ததும் படைத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

இல்லை. மகன் வரவில்லை. ஒரே மகன், அவன்தான் முதலில் படைக்க வேண்டும். மியூனிக்கிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்தவன். ரயில் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. இந்த நாட்டில் ரயில் நேரத்துக்கு வந்தால்தான் செய்தி. வந்திருந்தவர்கள் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். படையலைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாய் திறந்து சொல்லியிருக்கமாட்டார்கள். ஒருதரம் அவர் படத்துக்கு முன்னால் வைத்ததை எப்படித் தூக்குவது? சூடாக்கிக்கும் விளக்குக்கும் நடுவில் அது மத்தியானம் தாண்டியும் இருந்தது. கடைக்காரருக்கு மட்டும் தொலைபேசியில் சொன்னார்கள், சாப்பாட்டை இப்போது கொண்டுவர வேண்டாம் என்று. அவர் அண்டாக்களை அடுப்பிலேயே கொதிநிலையில் வைத்திருந்து, மகன் மண்டபத்துக்குள் கால் வைத்த பிறகே கொண்டுவந்து இறக்கினார். நான் எச்சரிக்கை எழுதிய அதே மனிதர். இந்த முறை சரியாகச் செய்திருந்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. சோற்றில் வளரும் ஒரு கிருமி இருக்கிறது. இளஞ்சூட்டில் பெருகி அது விடுகிற நஞ்சு, திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது. ஆனால் எனக்கு விளங்கியது போதாது, ஆய்வுகூடத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் எழும்பி உறைபெட்டியைத் திறந்தார். ஐஸ்கிரீம் வந்த பழைய டப்பா ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். குழையல்தான். ஏன் வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். அவருக்கு வைத்த சோற்றைக் குப்பையில் போட மனம் வரவில்லையாம், அன்றைக்கே தனக்கு அதைச் சாப்பிடவும் முடியவில்லையாம். சோதித்து முடிந்ததும் அதை என்ன செய்வார்கள் என்று கேட்டார். எரிப்பார்கள் என்றேன். அவரையும் அதுதானே செய்தது என்று மெதுவாகச் சொன்னார். டப்பாவைக் குளிர்ப்பைக்குள் வைத்து முத்திரை இடும் வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று.

முடிவு வந்தபோது நான் நினைத்த கிருமிதான், அளவுக்கு அதிகமாகவே. கடையிலிருந்து எடுத்த மாதிரிகளில் ஒன்றுமில்லை. அன்றே குசினி முத்திரையைக் கிழித்தோம். கடைக்காரர் நன்றி சொல்லவில்லை. கலியாணத்தை ஏற்கனவே வேறு நகரத்து ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்களாம். குழையலில்தான் வந்தது என்று நான் எப்படியாவது ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றார். அது என் வேலையல்ல, ஆனால் கேட்கிறவர்களுக்கு உங்கள் சாப்பாட்டில் பிழையில்லை என்று சொல்வேன் என்றேன். அதற்கு மேல் அவருக்கு நான் கடன்படவில்லை.

சொல்ல வேண்டிய இன்னொருவர் இருந்தார். போனவரின் மனைவிக்கு இதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஏறினேன். அதே குசினி, அதே கதிரை. சமையலில் பிழையில்லை என்று முதலில் சொன்னேன். அதுதான் உண்மை. சுத்தமாகச் சமைத்த சாப்பாடு, வைத்திருந்த நேரம்தான் கூடிவிட்டது.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் அழுகையை எதிர்பார்த்தேன், அழவில்லை. விரல்களை மடித்து எதையோ கணக்குப் பார்த்துவிட்டு, "நேரம் எண்டால், தம்பிக்குப் பாத்துக்கொண்டு இருந்த நேரமோ?" என்று கேட்டார். மகனுக்காகக் காத்திருந்ததைத்தான் அப்படிச் சொன்னார்.

நான் பையைத் திறந்து எதையோ தேடினேன். அதுவே பதிலாகப் போய்விட்டது.

"அவனுக்கு அதைச் சொல்லாதேங்கோ, பிள்ளை," என்றார். "தேப்பன் சாகேக்கையும் அவன் வந்துசேரேல்லை. இதுக்கும் பிந்தி வந்துதான் எல்லாருக்கும் வருத்தம் வந்ததெண்டு தெரிஞ்சால் தாங்கமாட்டான். அம்மா வடிவாச் சமைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. அதை நம்புவான்."

அப்படிப் பொய் சொல்ல எனக்கு ஏலாது என்று சொன்னேன். என் அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதியாயிற்று, அது அலுவலகத்துக்குப் போகும், குடும்பத்துக்குப் போகாது என்றும் சொன்னேன். முறைப்பாடு கொடுத்தவருக்கு முறைப்பாட்டின் முடிவை மட்டும்தான் சொல்வோம். அந்த அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. தேநீர் போட்டுத் தந்தார். கூடவே ஒரு தட்டில் பயற்றம் பணியாரம் வைத்தார். நான் இரண்டு சாப்பிட்டேன்.

மகன் அடுத்த நாளே தொலைபேசியில் வந்தார். கடையின் மேல் கொடுத்த முறைப்பாடு உறுதிப்படவில்லை, அங்கே எடுத்த மாதிரிகள் சுத்தம் என்று சொன்னேன். அப்படியென்றால் எதிலிருந்து வந்தது என்று கேட்டார். படைத்த சாப்பாட்டிலிருந்து என்றேன். அவர் அடுத்ததாக ஏன் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ எனக்குத் தெரியாது. அதற்கான வசனத்தை ஜெர்மன் மொழியிலும் தமிழிலும் மனதுக்குள் கட்டிப் பார்த்து, இரண்டும் பிடிக்காமல் விட்டிருந்தேன்.

அவர் கேட்கவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார், கோபம் இறங்கிவிட்டது தெரிந்தது.

"எனக்கு அப்பவே ஒரு டவுட் இருந்தது," என்றார். "அம்மாவுக்கு இப்ப முந்தின மாதிரி ஏலாது. சுத்தம் பாக்கிறதும் குறைஞ்சுபோச்சு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவவைக் குசினிப் பக்கம் விடக்கூடாது. நான் சொல்லிவிடுறன்."

எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. உனக்காகக் காத்துக்கொண்டு இருந்ததால்தான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தக் குசினியை நான் பார்த்தவள், இந்த நகரத்தில் அதைவிடச் சுத்தமான குசினி எனக்குத் தெரியாது. அதை மட்டும் அவருக்குச் சொன்னேன். அவர் ஓம் ஓம் என்றார், கேட்டதாகத் தெரியவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.